மலையிலிருந்து மணலுக்கு: பாலைவன ராணுவ முகாமில் வேலைக்குப் போகும் நீலகிரிக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வெலிங்டன் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தோடு சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம், ஸ்டாஃப் காலேஜ், சற்றுத் தள்ளி அருவங்காட்டில் கார்டைட் ஃபாக்டரி. சீருடை போட்டவர்களைவிட போடாதவர்கள்தான் அதிகம். எலக்ட்ரீஷியன், பம்ப் ஆபரேட்டர், பிளம்பர், ஸ்டோர் கீப்பர், சமையல்காரர், கிளார்க் என்று ஒரு முகாம் ஓட வேண்டுமானால் எல்லோரும் வேண்டும். நான் எம்.இ.எஸ்.ஸில், அதாவது முகாம்களின் கட்டடம், கரண்ட், தண்ணீரைக் கவனிக்கிற ராணுவப் பொறியியல் பிரிவில், எலக்ட்ரீஷியன். மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலே ராஜஸ்தானில், ஜெய்சால்மர் பக்கம் ஒரு முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். எந்த முகாம் என்று சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் வரும்.

திரும்பி வந்ததிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வீடு தேடி வருகிறார்கள். மாறுதல் உத்தரவு வந்தவர்கள், கான்ட்ராக்டர் மூலம் போகிற பையன்கள், மகனை அனுப்பப் பயப்படுகிற அம்மாக்கள். எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். அங்கே வெயில் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மலையில் பிறந்து வளர்ந்தவனுடைய பழக்கங்கள்தான் அங்கே வெயிலைவிட ஆபத்து என்பது யாருக்கும் தெரிவதில்லை. நாம் தாகத்துக்குப் பழகாதவர்கள். வெயிலைக் கண்டால் போய் நின்று காய்கிறவர்கள். அந்த இரண்டையும் மறந்தால்தான் மற்றது எல்லாம்.

உத்தரவு கைக்கு வந்ததும்

முதலில் எந்த மாதம் போய்ச் சேர்கிறீர்கள் என்று பாருங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் அதிர்ஷ்டம். உடம்புக்கு வெயில் படிப்படியாக ஏறும். ஏப்ரல், மே என்றால் நேராக அடுப்புக்குள் இறங்குகிறீர்கள். ஜாயினிங் டைமைத் தள்ளிப்போட வழியிருந்தால் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016 மே 19 அன்று ஜோத்பூர், ஜெய்சால்மர் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பலோடியில் 51 டிகிரி பதிவானது. எங்கள் முகாமில் 47, 48 என்றால் யாரும் அதைப் பேச்சாகவே எடுக்க மாட்டார்கள்.

பெட்டியில் என்ன வைப்பது? மலைக்காரன் செய்கிற முதல் தப்பு, ஸ்வெட்டரை வீட்டில் விட்டுப் போவது. நானும் விட்டேன். பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று அம்மா கேட்டபோது சிரித்தேன். டிசம்பரில் இரவு ஷிப்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது அம்மா நினைவுதான் வந்தது. ஜனவரி இரவுகளில் அங்கே 5 டிகிரிக்குக் கீழேயும் போகும். ஊட்டிக்குப் போடுகிற அத்தனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மஃப்ளர், குரங்கு குல்லா உட்பட.

அதோடு வெளிர் நிறத்தில் முழுக்கை பருத்திச் சட்டை ஆறாவது வேண்டும். அரைக்கை வேண்டாம். நேர் வெயிலில் மூடிய தோல்தான் பிழைக்கும். ஈரிழைத் துண்டு நான்கு. தலையில் கட்ட, முகத்தை மூட, நனைத்துக் கழுத்தில் போட, புழுதி வந்தால் மூக்கில் அழுத்த என்று மூன்று வருடமும் என்னிடம் அதிகம் உழைத்தது அந்தத் துண்டுதான். நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று. உதட்டுக்கு வேசலின். தேங்காய் எண்ணெய், அது குளிர்காலத்தில் கல்லாகிவிடும், பரவாயில்லை. கம் பூட்ஸை எஸ்டேட்டிலேயே விட்டுவிடுங்கள். குடையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு இல்லை, வெயிலுக்கு. தாத்தா காலத்துப் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நான் ஸ்டோருக்கு நடப்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கோடையில் எங்கள் செக்‌ஷனில் நான்கு குடைகள் இருந்தன.

காகிதங்கள் தனிப் பை. மூவ்மென்ட் ஆர்டர், அடையாள அட்டை, ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு டஜன், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. கான்ட்ராக்டர் மூலம் போகிறவர்கள் ஊர் காவல் நிலையத்தில் சரிபார்ப்புச் சான்றிதழை இங்கேயே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் கேட் பாஸ் கிடைக்காது. பாஸ் இல்லாத நாளுக்குக் கூலியும் கிடைக்காது. சம்பளம் வங்கியில் போடுவார்களா, பி.எஃப். எண் உண்டா, சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். கோத்தகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் சாப்பாடு இலவசம் என்ற வாய்ச்சொல்லை நம்பி வந்தான். முதல் மாதச் சம்பளத்தில் பாதி மெஸ் பிடித்தமாகப் போனது. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடையாது.

போய்ச் சேர்வது

கோயம்புத்தூரிலிருந்து கேரளம், கொங்கண் கடற்கரை, குஜராத் வழியாக ஜோத்பூருக்கு வாராந்திர ஏசி ரயில் ஒன்று இருக்கிறது. குன்னூர்க்காரருக்கு அதுதான் வசதி. ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம். ஏசி பெட்டியில் போர்வை போர்த்திக்கொண்டு போய் ஜோத்பூர் பிளாட்பாரத்தில் காலை வைக்கும்போதுதான் விஷயம் புரியும். பெட்டிக் கதவு திறந்ததும் முகத்தில் படுவதைக் காற்று என்று சொல்ல மனம் வரவில்லை. பேக்கரி அடுப்பைத் திறந்து வர்க்கி எடுக்கும்போது அடிக்குமே, அது.

முதல் 14 நாள்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக ஏழிலிருந்து 14 நாள் ஆகும். அந்த நாட்களில் உள்ளே உண்மையிலேயே மாற்றம் நடக்கிறது. வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயம் அடித்துக்கொள்வது நிதானப்படும். வெளியே கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால்தான் இது நடக்கும். அறைக்குள் ஏசியில் 14 நாள் படுத்திருந்தால் நடக்காது. முதல் நாளே முழு வேலையையும் இழுத்துப் போட்டால் இது நடப்பதற்குள் ஆஸ்பத்திரி.

ஒரு கணக்கு சொல்கிறேன். முதல் நாள் வெயிலில் நிற்பது வழக்கமான வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த நாள் ஐந்தில் இரண்டு. இப்படி நாளுக்கு ஒரு பங்காக ஏற்றுங்கள். ஐந்தாம் நாள்தான் முழு வேலை. மேலதிகாரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: 'சாப், நான் குளிர் பிரதேசத்திலிருந்து வருகிறேன்.' அனுபவப்பட்டவர்கள் தலையாட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்பில் உட்கார வைப்பார்கள். தலையாட்டாதவர்களிடமும் சொன்னதாக இருக்கட்டும்.

நான் சொல்லவில்லை. புதிதாக வந்த மதராசி சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். நான்காம் நாள் காலை எட்டு மணிக்குத் தெருவிளக்கு லைன் பார்க்கப் போனோம். என்னோடு வந்த லைன்மேன் பக்கத்து மாவட்டமான பார்மர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், காதில் கடுக்கன், தலையில் ஏழெட்டு கஜம் துணி. அவர் அரை மணிக்கு ஒருமுறை ஜீப்புக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். எனக்குத் தாகமே இல்லை. ஊரில் காலையில் ஒரு டீ குடித்தால் மத்தியானம் வரை அது போதும். அதே பழக்கம். பதினொன்றரைக்கு அவர் என் முதுகுப் பக்கம் வந்து சட்டையை இழுத்து என் முன்னால் காட்டினார். நீலச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக வரி, மேப்பில் ஆறு வரைந்த மாதிரி. உப்பு. 'காலையிலிருந்து ஒன்றுக்குப் போனாயா?' என்று கேட்டார். யோசித்தேன். போகவில்லை. அதை யோசித்துச் சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது. அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கேஜ்ரி மரத்து அடியில் படுக்க வைத்து, தண்ணீரை ஊற்றி, தலைப்பாகைத் துணியால் விசிறினார். அன்று நான் வேலைக்கு ஆகவில்லை. மறுநாளும்தான்.

அவர் கேட்ட கேள்வியை நீங்கள் உங்களையே கேளுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போக வேண்டும், வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் தண்ணீர் போதவில்லை.

தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு, குமட்டல் வந்தால் உடனே நிழல், தண்ணீர், உப்பு. கூட வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் திருதிருவென்று விழித்தாலோ அது வெப்பத்தாக்கு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மருத்துவப் பிரிவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சளி, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் நீர் மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும். கிளம்பும் முன் டாக்டரிடம் இந்த இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் சாராயம் கூடவே கூடாது. அதற்குப் பிறகு உங்கள் பாடு.

தண்ணீர்

2019 ஆகஸ்டில் நம்ம அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். ஜெய்சால்மரில் வருடம் முழுக்கச் சேர்த்துப் பெய்வதே ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். அதாவது நம்முடைய ஒரு நாள், அவர்களுடைய நான்கு வருடத்துக்கும் மேல். அதனால் அங்கே தண்ணீரைப் பார்க்கிற கண்ணே வேறு. பக்கெட்டில் மீந்த சோப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன் என்று ஒரு ஹவில்தார் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. அது வேப்பங்கன்றுக்குப் போக வேண்டிய தண்ணீராம்.

இந்திரா காந்தி கால்வாய் பஞ்சாபிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறது. கால்வாய்த் தண்ணீர் வருகிற இடத்தில் பிரச்சினை குறைவு. நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் உப்பு, ஃபுளோரைடும் கூடுதல். குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு, உங்கள் பெயரில் ஒரு கேன் எழுதிவைத்துவிடுங்கள். குளிக்கிற தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி கொட்டுகிற மாதிரி தோன்றும். ஒரு மக் ஆர்.ஓ. தண்ணீரைக் கடைசியில் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். காலை ஐந்து மணிக்குக் குளித்துவிடுங்கள், அல்லது இரவே பக்கெட்டில் பிடித்து அறைக்குள் வையுங்கள்.

குடிக்கிற முறையும் உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு, வியர்வையில் போன உப்பை ஈடுகட்டாவிட்டால் அதுவும் மயக்கத்தில் கொண்டுபோய்விடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. அங்கே கிடைக்கிற மோருக்கு ஈடு எதுவும் இல்லை. சாஸ் என்பார்கள். வறுத்த சீரகமும் உப்பும் போட்டு மண்பானையில் வைத்திருப்பார்கள். நம்ம நீர்மோர் குடும்பம்தான், பெருங்காயமும் கறிவேப்பிலையும் இல்லாத குறை.

தண்ணீர் பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டால் சில்லென்று ஆகும். ஊரில் இதைச் செய்தால் துணிதான் பூசணம் பிடிக்கும்.

கூலரும் கரண்டும்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

எல்லா அறைக்கும் ஏசி இருக்காது. கூலர்தான். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் கஸ் தட்டி, உள்ளே மோட்டரும் விசிறியும். கஸ் என்பது வேறெதுவும் இல்லை, நம்ம வெட்டிவேர். புதுத் தட்டி போட்ட முதல் நாள் அறையே கோயில் பிரகாரம் மாதிரி மணக்கும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதுதான் இதன் வேலை. காற்று காய்ந்திருந்தால்தான் நடக்கும். ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏசி மாதிரி எல்லாவற்றையும் சாத்தினால் அரை மணியில் அறை ஆவி பிடிக்கிற அண்டாவாகிவிடும். புதிதாக வருகிற எல்லாரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். இரண்டு, ஜூலை, ஆகஸ்டில் காற்றில் கொஞ்சம் ஈரம் வந்ததும் கூலர் வேலை செய்யாது. ரிப்பேர் என்று புகார் ரெஜிஸ்டரில் எழுதாதீர்கள். நாங்கள் வந்து பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப வேண்டியிருக்கும்.

தகரமும் தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மூன்று பின் பிளக்தான், எர்த் கம்பி இணைந்திருக்க வேண்டும். கூலரைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெறுங்காலோடு, ஈரத்தரையில் நின்றுகொண்டு தொடவே கூடாது.

நம்மாட்கள் யாராவது எலக்ட்ரிகல் வேலைக்குப் போனால் அவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. மலையில் மண் எப்போதும் ஈரம், எர்த் தானாகவே நன்றாக இருக்கும். அங்கே காய்ந்த மணல், கரண்டை உள்ளே வாங்காது. கரியும் உப்பும் போட்ட எர்த் பிட்டுக்குக் கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். வாய்க்கு இல்லாத தண்ணீரைக் குழிக்கு ஊற்றுகிறானே என்று பார்ப்பார்கள். ஊற்றுங்கள். அப்புறம், ஸ்பானர், பிளையர் எதையும் வெயிலில் வைத்துவிட்டு வெறுங்கையால் எடுக்காதீர்கள். இரும்பு ஏணியைப் பிடித்து எனக்கு வந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. மெல்லிய தோல் கையுறை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். டி.ஜி. செட் (டீசல் ஜெனரேட்டர்) ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்குக்குப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு புழுதிக்காற்றுக்கும் பிறகு திறந்து பாருங்கள்.

கூலர் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் காய வையுங்கள். டெங்குக் கொசு பாலைவனத்திலும் உண்டு. அது வாழ்வதே இந்தத் தொட்டியில்தான்.

ஒரு நாள்

கோடையில் நாள் நாலரைக்கே தொடங்கும். ஐந்தரைக்கு வெளிவேலை. ஏணி, கம்பம், கூரை எல்லாம் பத்துப் பத்தரைக்குள் முடிய வேண்டும். பதினொன்றிலிருந்து நான்கு வரை லூ அடிக்கும் நேரம், அதாவது அனல் காற்று. அப்போது ஒர்க்‌ஷாப் வேலை, மோட்டர் கட்டுவது, ரெஜிஸ்டர் எழுதுவது. அவசரம் என்றால் மட்டும் வெளியே, அதுவும் இரண்டு பேராக. ஐந்து மணிக்குப் பிறகு மறுபடி வெளியே போகலாம். நாடே ஒரே கடிகாரம் என்றாலும் ஜெய்சால்மர் மேற்குக் கோடியில் இருக்கிறது. ஜூனில் ஏழே முக்கால் வரை சூரியன் இருக்கும். வீட்டுக்குப் போன் போட்டால் இங்கே இரவுச் சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கும், அங்கே நான் வெயிலில் நின்று பேசிக்கொண்டிருப்பேன். அம்மா நம்பவே மாட்டார்.

சாயங்காலம் மணல் சீக்கிரம் ஆறிவிடும். மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தால் தெரிகிற நட்சத்திரங்களை நான் நீலகிரியில் எந்த இரவிலும் பார்த்ததில்லை. இங்கே பாதி நாள் மேகம், மீதி நாள் மூடுபனி.

ஆந்தி

புழுதிப் புயலை ஆந்தி என்பார்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. தூரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வரும். பார்த்துக்கொண்டு நிற்க அழகாக இருக்கும், நிற்காதீர்கள். ஏணியிலிருந்து உடனே இறங்குங்கள். வண்டியில் இருந்தால் ரோட்டை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். நனைத்த துண்டு மூக்கிலும் வாயிலும், கண்ணாடி கண்ணில். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் இரண்டு, ஒன்று பையில், ஒன்று அறையில். எவ்வளவு சாத்தினாலும் புழுதி உள்ளே வரும். தலையணை உறைக்குள், சர்க்கரை டப்பாவுக்குள், பூட்டிய பெட்டிக்குள்கூட. பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனவர்கள் பின்பு ஈரத்துணியால் துடைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

சாப்பாடு

மெஸ்ஸில் ரொட்டி, பருப்பு, சப்ஜி. சோறு கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். குளிர்காலத்தில் கம்பு ரொட்டியும் நெய்யும் வெல்லமும் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கேர் சாங்ரி என்று ஒரு கறி, கேஜ்ரி மரத்துக் காயும் ஒரு முள்செடிக் காயும் உலர்த்திச் செய்வது. முதல் தடவை ஒன்றும் புரியாது. மூன்றாம் தடவை தட்டை நீட்டுவீர்கள்.

சொந்தமாகச் சமைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெலிங்டன் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரமாகும். ஜெய்சால்மர் 225 மீட்டர்தான். ஊர்க் கணக்கில் குக்கர் விசில் விட்டால் பருப்பு கூழாகும். இட்லி மாவு இன்னும் வேடிக்கை. மலையில் மாவைப் போர்வை போர்த்தி அடுப்பு மேட்டில் வைத்தாலும் மறுநாள்தான் பொங்கும். அங்கே மே மாதம் காலையில் அரைத்தால் மத்தியானம் பாத்திரத்தை விட்டு வெளியே வந்திருக்கும். கொஞ்சமாக அரைத்து, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஊட்டி வர்க்கி ஒரு பெரிய பை எடுத்துப் போங்கள். குன்னூர் மழையில் இரண்டு நாளில் நமத்துப்போகிற வர்க்கி, அந்தக் காய்ந்த காற்றில் ஒரு மாதம் ஆனாலும் மொறுமொறு என்று இருக்கும். சிநேகிதம் பிடிக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. நீலகிரித் தேயிலையும் அப்படித்தான். ஆனால் அவர்கள் அதைப் பாலில் போட்டுக் காய்ச்சு காய்ச்சு என்று காய்ச்சுவதைப் பார்க்கத் தேயிலைக்காட்டுக்காரனுக்கு மனசு வலிக்கும்.

பாம்பு, தேள்

இங்கே யானை, காட்டெருமை, கரடிக்குப் பயந்து நடக்கிறோம். அங்கே கீழே பார்த்து நடக்க வேண்டும். ஷூவை உதறாமல் காலை விடாதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் அடி எடுத்து வைக்காதீர்கள். பேனல் பெட்டி, வால்வுக் குழி எதையும் குச்சியால் தட்டிவிட்டுத் திறங்கள். சுருட்டை விரியன் நிறைய உண்டு, மணல் நிறத்திலேயே கிடக்கும்.

ஊர்க்காரர்கள் பீவணா என்று ஒரு பாம்பைச் சொல்வார்கள். தூங்குபவனின் நெஞ்சில் ஏறி மூச்சைக் குடித்துவிடுமாம். கதைதான். ஆனால் அது பிறந்த இடம் பொய் இல்லை. கட்டுவிரியன் வகைப் பாம்பு இரவில் படுக்கைக்கு வந்து கடித்தால் வலி தெரியாது, தடம் தெரியாது, விடியும்போது மூச்சு நின்றிருக்கும். ஆகவே தரையில் படுக்காதீர்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டுப் படுங்கள். காலையில் எழும்போது காரணமில்லாமல் வயிறு வலித்தாலோ, கண் இமை இறங்கினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ உடனே மருத்துவமனை. கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.

கேட்டும் செல்போனும்

இங்கேதான் வேலை போகும், சில சமயம் ஜெயிலும் உண்டு. விளையாட்டில்லை.

முகாமுக்குள் போட்டோ, வீடியோ கிடையாது. ஒட்டகத்தோடு செல்ஃபி எடுத்தால்கூடப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். போனில் லொகேஷன் அணைந்திருக்கட்டும். எங்கே வேலை என்று கேட்டால் ராஜஸ்தான் என்று சொன்னால் போதும். என் முகாம் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது புரியும். எந்த யூனிட் வந்தது, எத்தனை வண்டி போனது, எப்போது கரண்ட் நிறுத்துகிறோம் என்பதெல்லாம் வீட்டில் மனைவியிடமும் பேசாதீர்கள். முகநூலில் அறிமுகமில்லாத பெண் ஹாய் சொன்னால், உங்கள் அழகுக்காக என்று நினைக்க வேண்டாம். சிவில் ஊழியர்களைக் குறிவைத்து எல்லைக்கு அப்பாலிருந்து வீசப்படும் வலை அது. சிக்கியவர்கள் கைதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. 1923-ம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் சீருடைக்காரருக்கு மட்டுமானது இல்லை. பல்பு மாற்றுகிற நமக்கும்தான்.

எல்லை மாவட்டம் என்பது சும்மா இல்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது ஜெய்சால்மர், பார்மர் பக்கம் இரவுகளில் விளக்குகளை அணைத்து இருட்டடிப்பு நடந்தது. என் பழைய சகாக்கள் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அந்த மாதிரி நேரத்தில் சொன்னதைச் செய்யுங்கள், செல்போன் வெளிச்சம்கூட வெளியே தெரியக் கூடாது. வீட்டுக்கு 'நன்றாக இருக்கிறேன்' என்று ஒரே வரி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

குளிர்காலமும் குடும்பமும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே சொர்க்கம். பகலில் இதமான வெயில், இரவில் ஊட்டி. ஒரே ஒரு எச்சரிக்கை. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். வாசனையே இல்லாத நச்சுவாயு அது. நம்ம மலையிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் இப்படிப் போயிருக்கிறார்கள்.

குடும்பத்தை அழைத்துப் போக நினைப்பவர்கள் முதலில் ஒரு கோடையைத் தனியாகக் கழித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் படித்தால் மாற்றம் சுலபம், பாடம் ஒன்றுதான். அருவங்காட்டில் படித்ததை அங்கே தொடரலாம். மனைவிமார்களுக்கு ஹிந்தி முதல் மாதம் கஷ்டம், ஆறாம் மாதம் கேன்டீனில் பேரம் பேசுவார்கள். உங்களுக்கும் ஹிந்தி வேண்டும், வந்தவுடன் 'ராம் ராம் சா' என்று சொல்லப் பழகுங்கள். பாதி வேலை அதிலேயே நடந்துவிடும்.

லீவுக்கு வரும்போது

கிளம்பும் முன் கூலரைக் காலி செய்து காய வைத்து, மெயின் ஸ்விட்சை அணைத்து, கதவின் அடி இடுக்கில் பழைய துணியைச் செருகுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது கட்டிலில் ஒரு மணல்மேடு இருக்கும்.

எல்லோரும் மே மாதம் லீவு கேட்பார்கள். கோடைக்குத் தப்பலாமே என்று. நானும் முதல் வருடம் அப்படித்தான் மே முழுக்க வெலிங்டனில் போர்வைக்குள் கிடந்துவிட்டு ஜூன் முதல் வாரம் போய் இறங்கினேன். பழகிய ஆள்தானே என்று மறுநாளே கம்பத்தில் ஏறினேன். வெப்பத்துக்குப் பழகிய உடம்பு, ஒரு வாரம் குளிரில் இருந்தாலே அந்தப் பழக்கத்தை விடத் தொடங்கும். ஒரு மாதத்தில் ஏறத்தாழ எல்லாம் போய்விடும். பாதிக் கம்பத்தில் கால் நடுங்கியது. கீழே அதே பார்மர் லைன்மேன் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கேனை மட்டும் தூக்கிக் காட்டினார். இறங்கினேன். லீவு முடிந்து போனால் மறுபடி முதல் நாள், ஐந்தில் ஒரு பங்கு.